நடவுக் காலத்து ஊசி

ஒரத்தநாட்டில் ஒரு டாக்டரிடம் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எல்லாரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. டோக்கன் கூப்பிடவும் தரை துடைக்கவும் வந்தவள். பார்த்துப் பார்த்து பிரஷர் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன். டாக்டர் கழித்துப் போட்ட பழைய புத்தகங்களை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். டாக்டர் அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டுப் பேச்சு வந்தால், "அதெல்லாம் வெளியில சிஸ்டர் சொல்லுவாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். வாய் இருந்ததால் பிழைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றைக் குறைங்க, காயைக் கூட்டுங்க, தினம் நடங்க. இந்த மூன்று வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கே அது ரேடியோவில் வருகிற மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் தாடை வலிக்கும். ஆனால் பதிலுக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்றில் அதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். "சக்கரை எங்க வீட்டுக்கு வந்த மருமவ மாதிரி சிஸ்டர், வந்தா வந்ததுதான், இனிமே அவ சமையல்தான்" என்று ஒரு பெரியவர் சொன்னது அதில் முதல் பக்கத்தில் இருக்கும்.

எங்களிடம் வந்த சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஒரே கதை. முதலில் நான் கழுத்தைத்தான் பார்ப்பேன். பின்கழுத்தில் கறுப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள். "தேய்க்காதீங்க, அது அழுக்கில்ல, உள்ளே நடக்குறதுக்கு வெளியில ஒட்டின நோட்டீஸ்" என்பேன். டாக்டர் எனக்கு அதை ஒருநாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "இவங்களுக்கு இன்சுலின் இல்லாம இல்ல சிஸ்டர். ஆரம்பத்துல தேவைக்கு மேலயே சுரக்குது. உடம்புதான் அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. கட்டுப்படலைன்னு இன்னும் சுரக்குது. சுரந்து சுரந்து ஒருநாள் ஓய்ஞ்சுபோகுது. அதுக்கப்புறம் நாம வெளியிலேர்ந்து ஊசி போட்டா, அதுக்கும் கட்டுப்பட மாட்டேங்குது." நான் அதை நோயாளிகளிடம் எங்கள் ஊர்ப் பாணியில் மாற்றிச் சொல்வேன். ஆற்றில் தண்ணீர் வருகிறது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, வயலுக்கு ஏறவில்லை. எவ்வளவு திறந்துவிட்டாலும் ஆற்றில்தான் உயரும். வாய்க்காலை வெட்டுகிற வேலை நடப்பதும் ஓடுவதும் உடம்பு குனிந்து நிமிர்வதும்தான்.

இதைக் கேட்டுவிட்டு ஓர் அக்கா சொன்னதுதான் டைரியில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "அப்போ ஊசி கூப்பாடு போடுது, ஒடம்பு காதுல பஞ்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அப்படித்தானே?"

அந்த அக்கா, காவிரித் தண்ணீர் வருகிற புது ஆற்றின் கரையில் ஒரு தெருவிலிருந்து வருகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தெருவின் நடவு செட்டுக்கு அவர்தான் தலைவி. பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, எந்த வயலுக்கு எந்த நாள் என்று பேசி, முதல் ஆளாக நாற்றுமுடியை அவிழ்ப்பவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இலவசக் கண் முகாம் வரும்போதெல்லாம் போவார். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ பேசுறதால சிஸ்டருன்னு தெரியுது. இல்லாட்டி இங்க ஒரு வெள்ளைத் துணி தொங்குதுன்னுதான் நெனைப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுபடி டாக்டர் அறைக்குள் போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

அது காவிரித் தண்ணீருக்கு வழக்கு இழுத்துக்கொண்டிருந்த காலம். வயலில் குழாய் இறக்கி மீத்தேன் எடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்கு ஊர் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வீட்டுக்கு மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. அரைக்கவும் இடிக்கவும் வேலை இல்லை. அறுப்புக்கு மிஷின் வந்து இறங்கிவிட்டது. மாசியில் வயல் காய்ந்தால் தண்ணீர் திறக்கிறவரைக்கும் தெருவே உட்கார்ந்திருக்கும். நான் சோற்றைக் குறைக்கச் சொன்னால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். "போராட்டத்துக்குப் போனா புளிசாதம். கட்சிக் கூட்டத்துக்குப் போனா பிரியாணி. வீட்டுல இருந்தா ரேஷன் சோறு. நான் எங்கன போயி சிஸ்டரு சோறு கொறைக்கிறது?"

ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. நான் ஒரு தட்டை எடுத்து வைத்து, பாதியில் கோடு போட்ட மாதிரி விரலால் காட்டி, "இதுல பாதிதான் சோறு இருக்கணும்க்கா, அரைப்படி அரிசி பொங்குற வீட்டுல கால்படி பொங்குங்க" என்றேன். அக்கா தட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கம்மா களத்துல அரைப்படி நெல்லு கூடக் கேட்டுச்சு. கூலி நெல்லுதான், பிச்சையில்ல. மிராசு வீட்டு ஆளு அங்கனயே வச்சு அடிச்சான். மண்டை ஒடஞ்சு ரத்தம் நெல்லுல விழுந்துச்சு. அந்த நெல்லையும் எங்கம்மா பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்து பொங்கிப் போட்டுச்சு. அப்படி அடிபட்டு வாங்குன சோறு. நீ ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு கால்படிங்கிற."

அன்றைக்கு மீதி நோயாளிகளுக்கு நான் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. காயை முதலில் சாப்பிடுங்கள், சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதுவும் கொஞ்சம் உதவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கோடை முழுக்க டாக்டர் அக்காவுக்கு ஊசி அளவை ஏற்றினார். மாத்திரை வயிற்றுப்போக்கு கொடுத்ததால் அதை அக்கா தானாகவே நிறுத்திவிட்டிருந்தார். டாக்டர் மாசியில் ஒருமுறை அளவைக் கூட்டினார், சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை. அக்காவுக்கு ஊசிக் குழாயில் கோடு தெரியாததால் மருமகள்தான் எடுத்துப் போடுவாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஈர மணல் போட்ட மண்பானைக்குள் மருந்துக் குப்பியை வைத்திருந்தார்கள். ஊசி ஏற ஏற அக்காவுக்குப் பசி ஏறியது, இடுப்பு ஏறியது, சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. "எடை ஏறினா உடம்பு இன்னும் கேட்காது. கேட்கலைன்னா ஊசியை இன்னும் ஏத்தணும்" என்று ஒருநாள் டாக்டர் சீட்டைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண் முகாம் ஆடியில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இருநூறுக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் கணக்கு.

அந்த வருஷம் அதிசயமாக நேரத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். புது ஆற்றில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா சர்க்கரை பார்க்க வந்தார். நான் கையைப் பிடித்து விரலில் குத்தினேன். நூற்று அறுபது. எனக்கு நம்பிக்கை இல்லாமல் வேறு விரலில் குத்தினேன். அதே அளவுதான்.

அப்போதுதான் காலைப் பார்த்தேன். கால் நகத்துக்குள் சேறு. தேய்த்துக் கழுவியும் போகாத நடவுச் சேறு.

"யக்கா, வயலுக்குப் போறீங்களா?"

"மெதுவாப் பேசு."

கண் தெரியாததாலும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதாலும் வயலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நாத்து நடக் கண்ணு எதுக்கு? வெரலுக்குத் தெரியும். பன்னெண்டு பொம்பளைங்க என்னை நம்பி நிக்கிறாளுங்க. இருவது நாள்தான். டாக்டருக்குச் சொல்லிடாத தங்கச்சி. சொன்னா நான் ஊசியே போட்டுக்க மாட்டேன்."

நான் சொல்லவில்லை. அளவுதான் நன்றாக வந்திருக்கிறதே என்று நினைத்தேன். டாக்டருக்கும் முகம் மலர்ந்தது. "ஒருவழியா ஊசி கேக்க ஆரம்பிச்சுடுச்சு. இதே அளவு போகட்டும்" என்று எழுதினார். நான் அந்தச் சீட்டை மடித்து அக்காவின் கையில் கொடுத்தேன். வாய்க்கால் வெட்டும் வேலை பற்றி ஊருக்கெல்லாம் பேசியவள் நான். வாய்க்கால் வெட்டிய பிறகும் கோடையில் திறந்த அளவையே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தெருப் பையன் ஒருவன் ஓட்டி வந்த டிவிஎஸ் வண்டியில் நடுவில் அக்காவை வைத்து, பின்னால் மருமகள் கட்டிப்பிடித்தபடி வந்து நின்றார்கள். பின்னாலேயே ஒரு ஆட்டோவில் நான்கு பெண்கள், முழங்கால் வரை சேறோடு. அக்காவின் தலை தொங்கியிருந்தது. சேலை முழுக்க வியர்வை. வாய் ஒரு பக்கமாக எதையோ மென்றுகொண்டிருந்தது.

"சக்கரை ஏறிப்போச்சு சிஸ்டரு! நடவுல அப்படியே சாஞ்சுட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மருமகள் மருந்துக் குப்பியை நீட்டினாள். "காலையில போட்ட ஊசி பத்தலையோ? இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு மருந்தை எடுத்துக்கிட்டு வந்துருக்கேன்."

"போட்டுடலியே?"

"இல்ல."

விரலில் குத்தினேன். முப்பத்தி நாலு. நான் உள்ளே பார்த்துக் கத்துவதற்குள் டாக்டரே ஓடி வந்துவிட்டார். குளுக்கோஸ் ஊசியை எடுத்து நரம்பைத் தேடினார். பெண்களில் ஒருத்தி குறுக்கே வந்து டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, சுகர்காரிக்கு சீனி ஏத்துறீங்களா? வயல்ல டீ கேன் இருந்துச்சு. நாங்க அதையே குடுக்க விடலை. குடிச்சா செத்துப்போவான்னு தட்டிவிட்டோம்!"

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அந்த டீயைக் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்றத்தான் தட்டிவிட்டிருக்கிறார்கள். சர்க்கரை கூடும், கூடினால் ஆபத்து என்று மட்டும்தான் நாங்கள் அத்தனை வருஷமும் சொல்லிக்கொடுத்திருந்தோம். குறைந்தும் ஆளைச் சாய்க்கும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும். அக்கா கண்ணைத் திறந்து சுற்றிலும் குரல்களைக் கேட்டார். "ஏன்டி எல்லாரும் இங்க வந்து நிக்கிறீங்க? மேலண்ட வயலு யாருடி நடுறது?" என்றார். சேறு அப்பிய நான்கு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

டாக்டர் கேட்டுக் கேட்டு விஷயத்தை எடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு மருமகள் ஊசி போட்டிருக்கிறாள். ஆறு மணிக்கு வயலில் இறங்கியாகிவிட்டது. இந்தப் பக்கத்து நடவு செட்டுகளில் ஒரு முறை உண்டு. முதல் வயலை நட்டு முடிக்கிறவரைக்கும் யாரும் வரப்பேறிச் சாப்பிட மாட்டார்கள். ஒருத்தி ஏறினால் வரிசை உடையும், அவள் பங்கை மற்றவர்கள் நட வேண்டியிருக்கும். அதிலும் தலைவி முதலில் ஏறுவது என்பது கேவலம். அன்றைக்கு முதல் வயல் பெரிய வயல். தூக்குவாளியில் சோறு வரப்பிலேயே இருந்திருக்கிறது. பத்து மணிக்குக் கை நடுங்கியதும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நட்டவளிடம், "இன்னும் ரெண்டு சாலு நட்டா வயலு முடிஞ்சுது" என்றிருக்கிறார்.

"வயலுக்குப் போக வேண்டாம்னு சொல்லியிருந்தேனே அம்மா" என்றார் டாக்டர்.

அக்கா முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் சார். போன தடவையே கால் நகத்துல சேறு பார்த்தேன். நான்தான் சொல்லலை" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "நானும் கேட்கலையே சிஸ்டர். தண்ணி தொறந்தது எனக்கும்தானே தெரியும்" என்றார். அவருக்கும் அந்தக் காலையில் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஊசி அளவைப் பாதியாகக் குறைத்தார். வயலுக்குப் போகாதே என்று மறுபடி சொல்லவில்லை. போவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், முந்தானையில் வெல்லம் முடிந்திருக்க வேண்டும், கால் விரல் இடுக்கைத் தினமும் மருமகள் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து மணிக்குச் சாப்பிட்டால் செட்டில் சிரிப்பார்கள் என்றார் அக்கா. ஆட்டோவில் வந்தவர்களில் மூத்தவள், "சிரிக்கிறவ வந்து ஒன்னைத் தூக்கட்டும். நீ என்ன லேசாவா இருக்கே?" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த அறையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

நடவு முடிகிற நேரத்தில் கண் முகாம் வந்தது. சர்க்கரை நூற்று எழுபதில் நின்றது. வலது கண்ணுக்குக் கத்தி வைத்தார்கள். கண்ணில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்த பிறகு அக்கா என்னைப் பார்க்க வந்தார். ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொரலை வச்சு நான் உன்னை இன்னும் கொஞ்சம் சிவப்பா நெனைச்சிருந்தேன்" என்றார். இன்னொரு கண்ணை அடுத்த வருஷ முகாமில் செய்துகொள்ளலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம் நான் நோயாளி உட்கார்ந்ததும் நடவு எப்போது, அறுப்பு எப்போது என்றுதான் முதலில் கேட்பேன். டாக்டர் சீட்டின் மூலையில் அதை எழுத ஆரம்பித்தார். ஆனால் அடுத்த வருஷம் தண்ணீர் வரவில்லை. மேட்டூரில் இல்லை என்றார்கள், மேலே தரவில்லை என்றார்கள். போர்செட் வைத்திருந்தவர்கள் மட்டும் நட்டார்கள். அவர்களும் நடவு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பன்னிரண்டு பெண்களில் பாதிப்பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அக்காவின் சர்க்கரை பழையபடி ஏறியது. டாக்டர் ஊசியை ஏற்றினார். இடது கண் அப்படியே இருந்தது.

"நடங்கக்கா. நடவு இல்லாட்டியும், நடந்தாலே உடம்பு கேட்கும்" என்றேன்.

"சும்மாவா நடக்கச் சொல்றே? வேலையத்தவன்னு ஊரு சிரிக்கும். எங்க தெருவுல எவளாவது சும்மா நடந்து பார்த்திருக்கியா?"

அப்படியும் நடந்தார். எப்படி என்று பிறகு மருமகள்தான் சொன்னாள். தலையில் ஒரு காலிக் கூடை, கையில் கருக்கரிவாள். புது ஆற்றங்கரையிலேயே போய் அடுத்த ஊர்ப் பாலம் வரை நடந்துவிட்டு அதே காலிக் கூடையோடு திரும்புவார். யாராவது கேட்டால், "புல்லுக்குப் போனேன், புல்லே இல்லை" என்பார். அந்த வருஷம் வறட்சி என்பதால் எல்லாரும் நம்பினார்கள். வீட்டில் மாடும் இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை போல.

முகாமுக்கு முதல் நாள் சீட்டு வாங்க வந்தார். கூடையையும் கொண்டுவந்திருந்தார். விரலில் குத்தினேன். இருநூற்று பன்னிரண்டு. கோடையில் முன்னூறைத் தாண்டியிருந்தவர். நடந்தே இவ்வளவு இறக்கியிருக்கிறார். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"பன்னெண்டுதானே? நீ எழுதுறதுதானே சிஸ்டரு அந்தச் சீட்டு. நூத்தித் தொண்ணூறுன்னு எழுதேன். அவங்க என்ன மறுபடியும் குத்தியா பார்க்கப் போறாங்க?"

பல முகாம்களில் எங்கள் சீட்டைத்தான் பார்ப்பார்கள், அது உண்மைதான். பேனா என் கையில்தான் இருந்தது. உள்ளே டாக்டர் யாரையோ இருமச் சொல்லிக்கொண்டிருந்தார். போன தடவை அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்ததில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். புண் ஆறாமல் சீழ் பிடித்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. நான் இருநூற்று பன்னிரண்டு என்று எழுதி, சீட்டைத் திருப்பி அவருக்கு வலது கண்ணில் தெரிகிற மாதிரி காட்டினேன்.

அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இதைப் படிக்கத்தான் ஒரு கண்ணைத் தொறந்து விட்டீங்களா?" என்றார்.

சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். அவர் ஊர் பஸ் வாசலிலேயே நின்றிருந்தது. கண்டக்டர் கூப்பிட்டான். அக்கா கையை ஆட்டிவிட்டு, ரோட்டோரமாகப் புது ஆற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.